புதன்கிழமை ஐந்தாவது பாடவேளை

செஞ்சியில் அரசு உதவி பெறும் பள்ளி ஒன்றில் நான் நூலகர். வேலைக்குச் சேர்ந்த முதல் சில வருடங்கள், என் வேலை என்ன என்பது எனக்கே சரியாகத் தெரியாது. மாடியில் ஒரு நீளமான அறை, ஏழு பீரோக்கள், இரண்டு மேசைகள், ஒரு சாவிக்கொத்து. காலையில் அவலூர்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து வந்து அறையைத் திறப்பேன், தூசி தட்டுவேன், சாயங்காலம் பூட்டிவிட்டுக் கிளம்புவேன். ஒவ்வொரு வகுப்புக்கும் வாரம் ஒரு நூலகப் பாடவேளை உண்டு. ஆனால் அது கால அட்டவணையோடு சரி. எந்த ஆசிரியருக்குப் பாடம் முடியவில்லையோ அவர் அதை எடுத்துக்கொள்வார்.

ஒன்பதாம் வகுப்புக்குப் புதன்கிழமை ஐந்தாவது பாடவேளை. அதை அறிவியல் ஆசிரியர் எடுத்துக்கொண்டிருந்தார். கண்டிப்பான மனிதர். அவர் பாடத்தில் பிள்ளைகள் தோற்பதே இல்லை என்று பள்ளிக்கு வெளியிலும் பேர். "மேடம், இன்னைக்கு டெஸ்ட். பசங்கள அனுப்பல" என்று வராந்தாவில் நின்றபடி சொல்லிவிட்டுப் போவார். என் பதிலுக்குக் காத்திருக்க மாட்டார். நூலகம் என்பது நேரத்தை வீணாக்கும் இடம் என்று அவர் நினைத்தார். அவரைத் திமிர் பிடித்தவர் என்று நான் நினைத்தேன். ஆனாலும் உள்ளுக்குள் எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது. ஒரு வகுப்புப் பிள்ளைகள் மொத்தமாக வந்தால் புத்தகம் கிழியும், காணாமல் போகும், நான் பதில் சொல்ல வேண்டிவரும். வராமலிருந்தால் பீரோக்கள் ஒழுங்காக இருக்கும்.

அந்த வகுப்பிலிருந்து ஒரே ஒரு பெண் மட்டும் மதியச் சாப்பாட்டு நேரத்தில் தானாகவே மாடியேறி வருவாள். தொண்டூர்ப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவள். அதிகம் பேச மாட்டாள். ஒருநாள் கேட்டாள்: "மிஸ், கடல் பத்தி எதனா புக் இருக்குதா?"

"கடலப் பாத்திருக்கியா?"

"இல்ல மிஸ்."

கடல்வாழ் உயிர்களைப் பற்றிய படப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தேன். அதையே மூன்று முறை புதுப்பித்து வைத்துக்கொண்டாள்.

அந்த வருடம் மல்லாட்டை அறுவடை நடந்துகொண்டிருந்தது. நிலக்கடலையை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அந்தப் பெண் அம்மாவோடு கொல்லைக்கு, அதாவது நிலத்துக்கு, செடி பிடுங்கப் போயிருக்கிறாள். பிடுங்கிப் போட்ட செடிக் குவியலை அள்ளும்போது கையில் பாம்பு கடித்துவிட்டது. அம்மா புடவையைக் கிழித்து முழங்கைக்கு மேல் இறுக்கிக் கட்டினாள். யாரோ மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பக்கத்து ஊரில் விஷக்கடிக்கு வேர் கொடுக்கிறவரிடம் கொண்டுபோனார்கள். அங்கேயே மதியம் வரை வைத்திருந்தார்கள். ஈறில் ரத்தம் கசிய ஆரம்பித்த பிறகுதான் செஞ்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே மருந்து ஏற்றி, ஆம்புலன்ஸில் விழுப்புரத்துக்கு அனுப்பினார்கள். வழியிலேயே போய்விட்டாள்.

திங்கட்கிழமை இறைவணக்கத்தில் தலைமையாசிரியை அவள் பெயரைச் சொன்னதும் ஒன்பதாம் வகுப்பு வரிசையில் ஒரு பிள்ளை மயங்கி விழுந்தது. பள்ளிக்கு விடுமுறை விட்டார்கள்.

பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு நான் அறையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஜன்னலுக்கு எதிரே கோட்டைப் பாறைகள் வெயிலில் வெளுத்துக் கிடந்தன. அறிவியல் ஆசிரியர் உள்ளே வந்தார். அத்தனை வருடத்தில் அவர் அந்த வாசலைத் தாண்டி வந்தது அதுதான் முதல் முறை.

"மேடம், பாம்பு பத்தி நம்மகிட்ட புக் இருக்குதா?"

தேடினேன். ஐந்தாவது பீரோவின் கீழ்த்தட்டில் ஒன்று இருந்தது. தமிழில், வண்ணப் படங்களோடு. எந்தப் பாம்பு எப்படியிருக்கும், கடித்தால் என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது, எல்லாம் தெளிவாக இருந்தது. பின் அட்டையில் ஒட்டியிருந்த தாளில் ஒரு தேதிகூட இல்லை. வாங்கிய நாளிலிருந்து யாரும் எடுத்ததில்லை.

அவர் நின்றபடியே அதைப் படித்து முடித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். அந்தப் பெண்ணின் விடைத்தாள். விஷப் பாம்புக்கும் விஷமில்லாத பாம்புக்கும் உள்ள வேறுபாடு என்ன என்ற கேள்விக்குக் கட்டம் போட்டு, படம் வரைந்து எழுதியிருந்தாள்.

"ரெண்டுக்கு ரெண்டு போட்டிருக்கேன்" என்றார். "போன புதன்கிழமை வச்ச டெஸ்ட். உங்க பீரியடு. கடிச்சா இன்னா செய்யணும்னு நான் ஒரு வார்த்த சொல்லல மேடம். கேள்வில வராதுன்னு விட்டுட்டேன்."

"பீரியட நான்தான சார் குடுத்தேன்" என்றேன். "புக்க உள்ள வச்சிப் பூட்டுனதும் நான்தான்."

அவர் விடைத்தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இந்த புதன்கிழமை பசங்கள இங்க கூட்டிட்டு வரேன். நாம ரெண்டு பேரும் சேந்து எடுப்போம்" என்றார்.

அப்படித்தான் ஆரம்பித்தது. பாம்பு கடித்தால் உங்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்டு எழுதிவரச் சொன்னோம். எழுதி வந்தார்கள். பிளேடால் கீறிவிட வேண்டும், மிளகாய் தின்னக் கொடுக்க வேண்டும், வாயால் உறிஞ்ச வேண்டும், கோழியைப் பிடித்துக் கடிவாயில் வைத்து அழுத்த வேண்டும், மந்திரித்துக் கயிறு கட்ட வேண்டும். ஆசிரியர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

நான் தடுத்தேன். "தப்புன்னு போட்டீங்கன்னா சார், அந்தப் புள்ள வீட்ல போயி காட்டாது."

"தப்பத் தப்புன்னு சொல்லாம எப்படி மேடம்?"

"சொல்லணும். இப்படிச் சொன்னா கேப்பாங்களா?"

அன்றைக்கு நாங்கள் பிள்ளைகள் முன்னாலேயே வாதாடினோம். அவர் கோபமாக இறங்கிப் போய்விட்டார். மறுநாள் அவரே வந்து, அரசு ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் நம் பள்ளியில் படித்தவர், கேட்டுப் பார்க்கலாமா என்றார். கேட்டோம். அந்த நர்ஸ் தன் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு புதன்கிழமை வந்தார். கடிபட்ட கையையோ காலையோ எலும்பு முறிந்தால் வைப்பதுபோல அசையாமல் வைக்க வேண்டும், இறுக்கிக் கட்டக் கூடாது, கீறக் கூடாது, நடக்க விடக் கூடாது, ஒரு நிமிடமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும் என்று செய்து காட்டினார். பிள்ளைகள் அதைத் தங்கள் வீட்டுப் பேச்சிலேயே எழுதினார்கள். எட்டுப் பக்கம். படமும் அவர்களே வரைந்தது. ஜெராக்ஸ் எடுத்துத் தைத்தோம்.

சனிக்கிழமைகளில் அதை எடுத்துக்கொண்டு பிள்ளைகளின் ஊர்களுக்குப் போனோம். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. வாங்கி வைத்துக்கொண்டார்கள். கடைசியாக அந்தப் பெண்ணின் ஊருக்குப் போனபோது ஒருவரும் கூடவில்லை. தண்ணீர்த் தொட்டியருகே நின்ற ஒருவர், "பொண்ணு செத்துப்போச்சி. இப்ப வந்து யாருக்குப் பாடம் நடத்தப் போறீங்க?" என்றார். திரும்பி வந்துவிட்டோம். இனிமேல் போக வேண்டாம் என்றுகூடப் பேசிக்கொண்டோம்.

அடுத்த வாரம் அவளுடைய அம்மா பள்ளிக்கு வந்தாள். பிளாஸ்டிக் பையில் சுற்றிய ஒரு புத்தகத்தை என் மேசைமேல் வைத்தாள். கடல் புத்தகம்.

"குடுக்கலன்னா டிசி தர மாட்டாங்கன்னு சொல்லிட்டே இருப்பா டீச்சர். அதான் எட்த்தாந்தேன்."

உட்காரச் சொல்லிவிட்டு அறிவியல் ஆசிரியருக்கு ஆள் அனுப்பினேன். அவர் வருவதற்குள் அந்த அம்மாள் மேசையில் கிடந்த எட்டுப் பக்கப் பிரதியை எடுத்துவிட்டாள். எட்டாவது வரை படித்தவள். எழுத்துக்கூட்டி, விரல் வைத்துப் படித்தாள். நான்காம் பக்கத்தில் விரல் நின்றது.

"இறுக்கிக் கட்டக் கூடாதுன்னு போட்டிருக்குது."

ஆசிரியர் வாசலில் வந்து நின்றிருந்தார்.

"நான்தான் கட்டுனேன். எவ்ளோ இறுக்க முடியுமோ அவ்ளோ இறுக்கிக் கட்டுனேன். அதனாலயா சார் போய்ட்டா?"

ஆசிரியர் தரையைப் பார்த்தார். பொய் சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். உண்மையைச் சொல்லிவிடுவாரோ என்றும் பயந்தேன்.

"கட்டுனதால போகலம்மா" என்றார் மெதுவாக. "நேரம் போனதாலதான் போய்ட்டா. நேரா ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்திருக்கணும். அத உங்களுக்கு யாரும் சொல்லல. சொல்ல வேண்டியவன் நானு. உங்க பொண்ணுக்கு நான் சொல்லியிருந்தா அவளே உங்ககிட்ட சொல்லியிருப்பா."

அவள் அழவில்லை. பிரதியை மூடி மடிமேல் வைத்துக்கொண்டாள். எழுந்தபோது, "எங்க ஊருக்கு வந்தீங்களாமே. ஒருத்தரும் வரலியாமே. அடுத்த வாட்டி வரப்ப என்கிட்ட சொல்லிட்டு வாங்க" என்றாள்.

அடுத்த சனிக்கிழமை அவள் வீடு வீடாகப் போய்ப் பெண்களை அழைத்து வந்திருந்தாள். நாங்கள் பேச வேண்டியிருக்கவில்லை. அவளே பேசினாள். தன் கையை நீட்டி, எந்த இடத்தில் கடித்தது, எங்கே கட்டினாள், எத்தனை நேரம் உட்கார வைத்திருந்தார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். குரல் உடையவில்லை. கேட்டவர்கள்தான் உடைந்தார்கள். பிறகு, "நான் செஞ்சத நீங்க செய்யாதீங்க. அவ்ளோதான்" என்றாள்.

அங்கிருந்து நேராக வேர் கொடுக்கிறவர் வீட்டுக்கு எங்களைக் கூட்டிப்போனாள். அறிவியல் ஆசிரியர் அவரைச் சண்டைக்கு இழுக்கும் நினைப்போடுதான் நடந்தார். அவரோ எங்களைக் கண்டதும் எழுந்து நின்றுவிட்டார். வயதானவர். மடித்துக் கட்டியிருந்த வேட்டியை இறக்கிவிட்டார்.

"நானா வரச்சொல்லலம்மா. கூட்டியாந்தாங்க. முடியாதுன்னு சொல்ல எனக்கு வாய் வரல" என்றார்.

"உன்னக் கேக்க வரல அண்ணே" என்றாள் அவள். "இனிமே யாரு வந்தாலும் வண்டிய விட்டு எறங்க விடாத. அப்டியே செஞ்சிக்குத் திருப்பி வுட்ரு. நீ சொன்னா கேப்பாங்க. நாங்க சொன்னா கேக்க மாட்டாங்க."

அவர் தலையை ஆட்டினார். எங்கள் எட்டுப் பக்கத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டார். படிக்கத் தெரியாது, பேரன் படித்துக் காட்டுவான் என்றார். அறிவியல் ஆசிரியர் சொல்ல வந்ததைச் சொல்லாமல் கும்பிட்டுவிட்டு வந்தார்.

அடுத்த அறுவடைக்குள் அந்தப் பக்கத்தில் இரண்டு பேரைப் பாம்பு கடித்தது. ஒருவரை ஏற்றிவந்த ஆட்டோவை வேர் கொடுக்கிறவர் தன் வாசலிலேயே திருப்பி, தானும் ஏறிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தார் என்று நர்ஸ் சொன்னார். கடிபட்டவர் ஒரு வாரத்தில் நடந்து வீட்டுக்குப் போனார். இன்னொருவரை உடனே கொண்டுவந்தும் காப்பாற்ற முடியவில்லை. அதையும் பிள்ளைகளிடம் மறைக்காமல் சொன்னோம். சிலர் அழுதார்கள். ஒரு பெண், "அப்ப நாம எழுதனது இன்னாத்துக்கு மிஸ்?" என்று கேட்டாள். பிழைத்தவரின் மகள் ஆறாம் வகுப்பில் அதே மாடிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். அதைத்தான் சொன்னேன். அது போதுமான பதிலா என்று எனக்கு இன்றும் தெரியாது.

பிறகு மற்ற ஆசிரியர்களும் ஒவ்வொருவராக வந்தார்கள். கணக்கு ஆசிரியை கிணற்று நீர்மட்டத்தைப் பிள்ளைகளோடு அளந்து பார்க்கப் புத்தகம் கேட்டார். தமிழாசிரியர் பிள்ளைகளின் ஊர்ப்பேச்சைத் தொகுக்க வேண்டுமென்றார். சில முயற்சிகள் பாதியில் நின்றன. பரீட்சை நெருங்கினால் பாடவேளையைக் கேட்கிறவர்கள் இன்றும் உண்டு. இப்போது நான் முடியாது என்கிறேன். முதல் தடவை சொன்னபோது எனக்கு வியர்த்துக் கொட்டியது.

அந்த அம்மாளின் இளைய மகள் எங்கள் பள்ளியில்தான் படிக்கிறாள். போன பெற்றோர் கூட்டத்தில் அந்த அம்மாள் எழுந்து, கோடை விடுமுறையிலும் நூலகத்தைத் திறந்து வைக்க வேண்டும் என்றாள்.

"லீவுல யாரும்மா வருவாங்க?" என்று தலைமையாசிரியை கேட்டார்.

"ஸ்கூலு பூட்டிட்டா புள்ளைங்க எங்க போவும் டீச்சர்? எங்ககூட கொல்லைக்குத்தான் வரும்" என்றாள்.

தலைமையாசிரியை என்னைப் பார்த்தார். திறக்கிறேன் என்றேன். வாரத்தில் இரண்டு நாள் நான் வந்து உட்காருகிறேன் என்றார் அறிவியல் ஆசிரியர்.

மே மாதத்தில் அவலூர்பேட்டை பஸ்ஸில் கூட்டமே இருக்காது. முதல் நாள் ஒன்பது மணிக்கெல்லாம் போய்விட்டேன். மாடிப்படியில் பதினோரு பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று பேர் எங்கள் பள்ளியே இல்லை. பேர் எழுதிக்கொண்டு உள்ளே விட்டேன்.