பதினோரு குதிரைகளும் புள்ளியக்காவும்

எங்கள் நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் அக்காவுக்குத் தன் சொந்தப் பெயரே மறந்து போயிருக்கும். எல்லோருக்கும் அவள் புள்ளியக்கா. நூலகத்துக்கு நிதி திரட்ட வருடா வருடம் நாங்கள் நடத்தும் ஓவியக் கண்காட்சியில், விற்ற படத்தின் மூலையில் சிவப்புப் புள்ளி ஒட்டுவது அவள் பொறுப்பு. வாங்கியவர் யாரென்று வாயைத் திறக்கக் கூடாது என்பது விதி. விதியைப் போட்டவர் பல் டாக்டர்.

டாக்டர் தன் கிளினிக்கின் மாடியை நூலகத்துக்குச் சும்மா கொடுத்திருப்பவர். தங்கமான மனுஷர், ஆனால் குதிரை வரைவார். பலகையில்தான் வரைவார். குதிரைக்குக் கால் சரியாக நான்கு இருக்கும், குறை சொல்ல மாட்டேன். பல் மட்டும் முப்பத்திரண்டும் பளிச்சென்று தெரியும்.

முதல் கண்காட்சியில் மற்ற படங்களெல்லாம் விற்றுத் தீர்ந்தன. குதிரை மட்டும் நின்றது. பக்கத்தில் டாக்டரும் நின்றார், போகிறவர் வருகிறவரைப் பார்த்துச் சிரித்தபடி. புள்ளியக்காவுக்குப் பொறுக்கவில்லை. மனுஷர் மனம் விட்டுப்போய் மாடியைத் திருப்பிக் கேட்டுவிடுவாரோ என்ற பயம் வேறு. யாரும் பார்க்காதபோது புள்ளியை ஒட்டி, தானே வாங்கிவிட்டாள். டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. அடுத்த வருடம் இன்னும் பெரிய குதிரையோடு வந்தார்.

இப்படிப் பதினோரு வருடம், பதினோரு குதிரை. அவள் வீட்டுக்காரர் தையற்காரர். அந்த வீட்டில் எதுவும் சும்மா கிடக்காது. ஒரு குதிரை மழை அடிக்கும் ஜன்னலை அடைத்தது. ஒன்று துணி வெட்டும் பலகையானது. மற்றவை கட்டிலுக்கு அடியில் பல்லைக் காட்டிக்கொண்டு கிடந்தன.

இந்த வருடக் கூட்டத்தில் டாக்டர் தொண்டையைச் செருமினார்.

"என் பழைய குதிரைங்களை எல்லாம் ஒண்ணா மாட்டிப் பார்க்கணும்னு ஆசை. வாங்கினவங்க பேரு எனக்கு வேண்டாம்மா. நீங்களே கேட்டு ரெண்டு நாளைக்கு இரவல் வாங்கிட்டு வந்துடுங்க."

திருடனுக்குத் தேள் கொட்டின மாதிரி புள்ளியக்கா உட்கார்ந்திருந்தாள். அன்று மாலை செயலாளரான என்னிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"பதினோரு வீட்டுக்கு நான் எங்க போவேன்?"

"எங்கயும் போக வேணாம்க்கா. உங்க வீட்டுக்குப் போங்க, போதும்."

இருவரும் உட்கார்ந்து பதினொன்றையும் துடைத்தோம். பல வீடுகளிலிருந்து வருகிற மாதிரி இரண்டிரண்டாகக் கொண்டு வந்தோம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கும் வேலை என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

கண்காட்சியன்று டாக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்து வந்தார். ஏழாவது குதிரை கோணலாகத் தொங்கியது. சரிசெய்யக் கழற்றியவர், அதன் முதுகுப்புறத்தைப் பார்த்தபடியே நின்றுவிட்டார். முன்பக்கத்தை அத்தனை அக்கறையாகத் துடைத்த எங்களுக்குப் பின்பக்கம் என்று ஒன்று இருப்பதே தோன்றவில்லை. அங்கே பென்சிலில் தையற்காரரின் கையெழுத்து: 'பல் டாக்டர். இடுப்பு 42. தொப்பைக்கு ஒரு இஞ்ச் விடவும்.'

டாக்டர் அதை இரண்டு முறை படித்தார். தன்னையறியாமல் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டார். பிறகு படத்தை மாட்டிவிட்டு, நேராகப் புள்ளியக்காவின் மேஜைக்கு வந்தார்.

"பதினொண்ணுமா?"

"பதினொண்ணும்தான் டாக்டர். மாடி போயிடுமோன்னு பயந்தேன். அதை விட, நீங்க அன்னிக்குத் தனியா நின்னதைப் பார்க்க முடியல."

எனக்கு டாக்டரைப் பார்க்கவே பாவமாக இருந்தது. பிறகு அவள் கையிலிருந்த தாளிலிருந்து ஒரு சிவப்புப் புள்ளியை உரித்து, இந்த வருடக் குதிரையில் தானே ஒட்டினார்.

"இதை நான் வாங்கிக்கறேன். உங்க வீட்டு லாயம் நிரம்பிடுச்சு. மாடி எங்கயும் போகாதும்மா."

புள்ளியக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உயிர் வந்ததும் வாயும் வந்துவிட்டது.

"அந்த ஏழாவது மட்டும் இன்னிக்கே வேணும் டாக்டர். அது இல்லாம அவருக்குத் துணி வெட்ட முடியல."

"தாராளமா எடுத்துட்டுப் போங்க," என்றார் டாக்டர். "அப்படியே நாப்பத்திரண்டை நாப்பத்திநாலுன்னு திருத்தி வைக்கச் சொல்லுங்க."