மாமாவின் நல்ல கால்

விழுப்புரம் கடைத்தெருவில் யாரைக் கேட்டாலும் என் மல்லாட்டை மில்லுக்கு வழி சொல்வார்கள். வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் கட்டிய மில் அது. படித்தவர்கள் நாலு பேர் அங்கே என்னிடம் சம்பளம் வாங்குகிறார்கள். பெருமைக்காகத்தான் சொல்கிறேன். பெருமைப்படும்படி செய்துவிட்டு அடக்கமாகப் பேச எனக்குத் தெரியாது. ஆனால் மில் எல்லாம் பிற்பாடு. நான் ஜெயித்த முதல் காரியம் ஒரு கால்பந்து மாட்சு. இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில், திண்டிவனத்தில், எனக்கு ஏழெட்டு வயதிருக்கும்போது நடந்தது. பந்தை உதைத்தவர் என் மாமா. ஜெயிக்க வைத்தவன் நான்.

மாமா என் அம்மாவின் தம்பி. அப்பா போன பிறகு அம்மாவும் நானும் அவரோடுதான் இருந்தோம், விழுப்புரம் லோகோ ஷெட்டுக்குப் பின்னால் ரயில்வே கொடுத்த ஒற்றை அறை வீட்டில். அவர் ஷெட்டில் நிலக்கரி வாரும் கூலியாகச் சேர்ந்தவர். சாப்பாட்டு வேளையில் கரிமேட்டுப் பக்கம் பந்து உதைத்துக்கொண்டிருந்தவரை வெள்ளைக்காரத் துரை பார்த்துவிட்டார். மறுநாளே மாமா இன்ஜின் துடைக்கும் கிளீனர். ஷெட் டீமுக்கு சென்டர் பார்வர்டு. அதிலிருந்து அவருடைய உத்தியோகம் அவர் காலாலேயே நடந்தது. கடலூரில் கோல் போட்டார், கழுத்தெலும்பு விலகியது, வீடு கிடைத்தது. சிதம்பரத்தில் தலையால் முட்டிக் கோல் போட்டு, கம்பத்தில் மோதி முன்பல் போயிற்று, கூலி உயர்ந்தது. புதுச்சேரியில் பூட்ஸ் போட்ட பட்டாளத்துக்காரர்களோடு வெறுங்காலில் ஆடியபோது வலது முழங்கால் போயிற்று. அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அது தோற்ற மாட்சு.

தை, மாசி முழுக்க மாமா படுத்துக் கிடந்தார். உளுந்து மாவும் முட்டை வெள்ளையும் குழைத்துப் போட்ட கட்டின் வாசனை வீடெல்லாம் இருந்தது. ஷெட்டில் நிற்கும் இன்ஜின்கள் பெருமூச்சு விடும். அந்தப் புகை சன்னல் வழியாக வந்து அவர் மேல் போர்வைபோலப் படியும். புகைக்குள் படுத்துக்கொண்டு அவர் கோல் கோலாகக் கதை சொல்வார். கண்ணை மூடிக் கேட்டால் நானே பந்துக்குப் பின்னால் மிதந்து போவேன்.

ஒருநாள் ஷெட் மேஸ்திரி வந்தார். உட்காரக்கூட இல்லை.

"துரை சொல்லிட்டாருப்பா. திண்டிவனம் கப்பு வந்தா நீ பர்மனென்டு. காலு நொண்டினாலும் உன்ன எவனும் அசைக்க முடியாது. வரலன்னா புதுச்சேரிப் பையன் ஒருத்தன பாத்து வச்சிக்கினு கீறாரு. வேலையும் அவனுக்கு, இந்த வூடும் அவனுக்கு."

அம்மா முறத்தில் கேப்பை புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது. பிறகு மறுபடி புடைத்தாள்.

அன்று சாயங்காலமே மாமா எழுந்தார். வலது காலின் கட்டை அவிழ்த்து நன்றாகக் கழுவினார். புதிதாக மாவு குழைத்து, நல்லாயிருந்த இடது முழங்காலில் கட்டினார். கட்டின் ஒரு முனையை நான்தான் இழுத்துப் பிடித்தேன். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு நல்ல காலை நொண்டப் பழகினார். கெட்ட காலில் முழுப் பாரத்தையும் ஊன்றி, இடதை இழுத்து இழுத்து நடந்தார். நெற்றி வேர்த்து ஒழுகிற்று. நான் கூத்துப் பார்ப்பதுபோல விழுந்து விழுந்து சிரித்தேன்.

"மாப்ளே, திண்டிவனத்தாளுங்களுக்கு மாமனுக்கு முட்டி போச்சின்னு தெரியும். எந்த முட்டின்னு தெரியாது. உன்னத்தான் கேப்பானுங்க. இன்னா சொல்லுவே?"

"இடதுன்னு சொல்றேன் மாமா!"

"அட, ஜல்தியா சொல்லாதடா. யோசிக்கணும். பயந்துக்கினு சொல்லணும். மாமா அடிப்பாருன்னு சொல்லணும்."

மூன்று சாயங்காலம் ஒத்திகை நடந்தது. அம்மா தண்ணீருக்குப் போகிற நேரம் பார்த்து, அவளுக்குத் தெரியாமல்தான். அவளிடம் மாமா, வலது கால் சரியாகிவிட்டது, இடதில் சும்மா சுளுக்கு என்று சொல்லியிருந்தார்.

பங்குனி வெயிலில் பாசஞ்சரில் போனோம். சன்னல் ஓரம் மாமா, அவர் மடியில் நான். பனைமரங்கள் பின்னால் ஓட, மயிலம் குன்று மட்டும் எங்களை விட மனமில்லாததுபோல வெகுதூரம் கூடவே வந்தது. டீம் ஆட்கள் பாடிக்கொண்டு வந்தார்கள். மாமா பாடவில்லை. என் தலைமேல் முகவாயை வைத்துக்கொண்டு, போகிற வயலையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியூர் டீம் வந்தால் உள்ளூர்க்காரர்கள் ஆட்டத்துக்கு முன் சாப்பாடு போடுவது அந்தக் காலத்து மரியாதை. திண்டிவனத்தார் அந்த மரியாதையைக் கொஞ்சம் கூடுதலாகவே செய்வார்கள். நெய் மிதக்கும் பொங்கல், மேலுக்கு வடை, மறுத்தால் கோபித்துக்கொள்வார்கள். அதைத் தின்றுவிட்டு ஓடுவதற்கு வெறி நாய் துரத்த வேண்டும். எங்கள் ஆட்கள் விவரமாக உருண்டை உருட்டி இலைக்கடியில் மறைத்தார்கள். நான் மறைக்கவில்லை. எனக்குப் பக்கத்தில், அண்டா மாதிரி உடம்போடு அவர்கள் டீமின் பேக், கோலுக்கு முன்னால் நின்று மறிக்கிறவர், உட்கார்ந்தார். என் கையில் மல்லாட்டை உருண்டை ஒன்றை வைத்தார்.

"தம்பி, உங்க மாமனுக்குக் காலு எப்படிக் கீது?"

நான் உருண்டையைக் கடித்தேன். யோசித்தேன். மாமா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு, "சொன்னா அடிப்பாருங்க" என்றேன்.

"நான் சொல்ல மாட்டேன்டா கண்ணு."

"இடதுங்க" என்று சொல்லி, கண்ணில் தண்ணீர்கூட வரவழைத்தேன். அது ஒத்திகையில் இல்லாதது. நானாகச் சேர்த்தது. பிற்காலத்தில் எத்தனையோ வியாபாரிகளை நான் பேசி மடக்கியிருக்கிறேன். அந்த அண்டாவை மடக்கியது போல ஒருவரையும் மடக்கியதில்லை. அவர் இன்னோர் உருண்டையும் கொடுத்துவிட்டு எழுந்து போனார்.

வற்றிய ஏரியின் ஓரத்தில் ஆட்டம். கரை முழுக்கச் சனம். பந்து போன இடமெல்லாம் புழுதி எழும்பி, சாயங்கால வெயிலில் மஞ்சளாகத் தொங்கியது. அதற்குள் ஆட்கள் தெரிவதும் மறைவதுமாக இருந்தார்கள். நான் சொன்னது வீண் போகவில்லை. பந்து எங்கே இருந்தாலும் அண்டாவின் கால் மாமாவின் இடது முழங்காலைத்தான் தேடி வந்தது. மாமா விழுவார். கரை கத்தும். அவர் எழுந்து நிற்பார். மறுபடி உதை விழும். மறுபடி எழுவார். கெட்ட கால் இத்தனை உதை தாங்குகிறதே என்று அண்டா திகைத்துப் போனதை நான் கண்ணால் பார்த்தேன். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வெயில் பனந்தோப்புக்குள் இறங்கும் நேரத்தில் பந்து வந்தது. அப்புறம் நடந்ததெல்லாம் தண்ணீருக்கடியில் பார்த்ததுபோல இருக்கிறது. சத்தமே இல்லை. புழுதியிலிருந்து மாமா மட்டும் மெதுவாக எழும்பி வருகிறார். கெட்ட காலை ஊன்றி இடது காலை வீசுகிறார். அதே நொடியில் அண்டாவும் கால் வீசுகிறார். பந்து கம்பங்களுக்கு நடுவே போய்க் கரையேறி உருண்டுகொண்டே இருக்கிறது. பிறகுதான் சத்தம் வந்தது. ஊரே சேர்ந்து போட்ட கூச்சல். அதற்குள் காய்ந்த விறகு ஒடிந்தது போல ஒன்று.

மாமா மல்லாந்து கிடந்தார். நான் ஓடினேன். வானத்தைப் பார்த்து முன்பல் இல்லாத வாயால் சிரித்துக்கொண்டிருந்தார். "கோலாடா மாப்ளே?" என்றார்.

அதுதான் அவர் ஆடிய கடைசி மாட்சு. பிற்பாடு ஓய்வு பெறும்வரை ரயில்வே கேட்டில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ரயிலுக்குக் கொடி காட்டினார். அன்றைக்கு அதெல்லாம் யார் கண்டது? கப்பை மாமாவின் வயிற்றின் மேல் வைத்து, பாட்டுப் பாடிக்கொண்டே ராத்திரி ரயிலேற்றித் தூக்கி வந்தோம்.

ஊர் அடங்குகிற நேரத்தில் அம்மா விளக்கோடு வாசலில் நின்றிருந்தாள். மேஸ்திரி தூரத்திலிருந்தே கத்தினார்: "பர்மனென்டும்மா உன் தம்பி! இனிமே வூட்ட எவனும் கேக்க மாட்டான். கப்பு இன்னிக்கு ஒரு ராத்திரி இங்கியே இருக்கட்டும்!"

அம்மா சிரித்தாள். அப்பா போன பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. ஆட்கள் போனதும், என் பங்கை யாரும் சொல்லவில்லையே என்று நானே எல்லாவற்றையும் சொன்னேன். கட்டு மாற்றியது, நொண்டப் பழகியது, உருண்டை, கண்ணீர், ஒன்று விடவில்லை. "நான் சொன்ன காலையே ஒதைச்சானுங்கம்மா. கெட்ட கால்ல ஒரு கீறல் இல்ல!"

அம்மா என்னைப் பார்க்கவே இல்லை. மாமாவிடம், "நல்ல கால குடுத்துட்டியா தம்பி?" என்றாள்.

மாமா கூரையைப் பார்த்துக்கொண்டு, "அதுதாங்க்கா அவ்ளோ நேரம் ஒதை தாங்கும்" என்றார்.

அம்மா அந்தக் காலை மெல்லத் தூக்கி மடியில் வைத்து, முந்தானையால் புழுதியைத் துடைத்தாள். புழுதி போன பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் கட்டின் மேல் விழுந்தது. கப்பு மூலையில் மினுங்கிற்று. வீடு எங்களுடையதாகிவிட்டது. நான் போட்ட திட்டத்தில் ஒன்றும் பிசகவில்லை. இப்படி ஜெயித்த வீட்டில் உட்கார்ந்து அழுகிறாளே, என்னை ஒரு வார்த்தை மெச்சக்கூடத் தெரியவில்லையே என்று எனக்கு மகா கோபம். கூழ் வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.