மேல் கட்டத்தில் எழுதிய பெயர்

மாமல்லபுரம் கடற்கரைச் சாலையில் ஒரு ரிசார்ட்டின் மனிதவளப் பிரிவில் எனக்கு அப்போது நான்காவது வருடம். படாளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவேன். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். எங்கள் வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து சம்பளம் வாங்கிய முதல் ஆள் நான். அது போய்விடுமோ என்ற பயம் எப்போதும் உள்ளே இருந்தது.

ஒரு நாள் மேலாளர் கூப்பிட்டுக் கதவைச் சாத்தச் சொன்னார். ரிசார்ட்டின் சலவைப் பிரிவை மூடிவிட்டு, துணிகளைக் கேளம்பாக்கத்தில் வெளியாரிடம் கொடுக்கப் போகிறார்களாம்.

"இப்ப யாருக்கும் சொல்லாத. மொதல்ல ஒரு ஸ்டேக்ஹோல்டர் மேப் போட்டுக் குடு. இதுல யாருக்குப் பாதிப்பு, யாரு சொன்னா மத்தவங்க கேப்பாங்க, அது எனக்குத் தெரியணும்" என்றார்.

ஒரு தாளில் நான்கு கட்டம். செல்வாக்கு உள்ளவர்கள் மேலே, இல்லாதவர்கள் கீழே. பாதிப்பு அதிகமானால் வலப்பக்கம், குறைவானால் இடப்பக்கம். எல்லோருடைய பெயரையும் அதில் பொருத்த வேண்டும். வேலை வசதி பற்றி விசாரிக்கிறோம் என்று பொய் சொல்லி, இரண்டு வாரம் சலவைப் பிரிவில் போய் உட்கார்ந்தேன்.

அங்கே பதினாறு பேர். சூப்பர்வைசர் எதிரில் நின்றால்தான் அவர் பேச்சுக்கு மதிப்பு. மற்ற நேரத்தில் எல்லோரும் பார்த்தது விரிப்பு மடிக்கும் ஒரு அக்காவின் முகத்தை. நெம்மேலிக்காரர். எந்தப் பதவியும் கிடையாது. யாருக்கு எப்போது லீவு வேண்டும், யாருக்கு உடம்பு சரியில்லை என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். முன்பு ஒரு பெண்ணின் கை, விரிப்புகளை இஸ்திரி போடும் சூடான உருளையில் மாட்டிச் சுட்டுவிட்டது. அக்கா போய் சுவிட்சை அணைத்தார். உருளைக்குத் தடுப்புக் கம்பி போடும்வரை ஒருவரும் அதைத் திரும்பப் போடவில்லை. கோஷம் இல்லை, கூட்டம் இல்லை. இதை மூன்று பேர் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள்.

அக்காவின் பெயரை மேலே வலது கட்டத்தில், சூப்பர்வைசருக்கும் மேலே எழுதினேன். எனக்கே பெருமையாக இருந்தது. அவரைக் கூப்பிட்டுப் பேசுவார்கள், மூடுவதானாலும் பதினாறு பேருக்கும் வேறு வேலைக்கு வழி கேட்பார் என்று நினைத்தேன். மேலாளர் தாளைப் பார்த்து, "நல்லா பண்ணிருக்க" என்றார்.

பத்து நாள் கழித்து, மதியச் சாப்பாட்டு நேரத்தில் அக்கா ஒரு கவரோடு என் மேசைக்கு வந்தார்.

"இங்கிலீசுல கீதும்மா. இன்னா எழுதிகீறாங்கன்னு படிச்சு சொல்லு."

படித்தேன். நிர்வாகத்துக்கு மலைமேல் இருக்கும் இன்னொரு விடுதிக்கு அவரை மாற்றியிருந்தார்கள். ஒரு வாரத்தில் போய்ச் சேர வேண்டும்.

"நான் எப்டிம்மா போவேன்? எங்க வூட்டுக்காரரு சாரத்துலேர்ந்து வுழுந்து இடுப்பு போயி படுத்துகினு கீறாரு. அது இவங்களுக்கும் தெரியும். நான் இன்னா தப்பு பண்ணேன்?"

"தெரியலக்கா" என்றேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லும்போது என் கைக்குக் கீழே மேசை இழுப்பறையில் அந்தத் தாளின் நகல் இருந்தது.

அவர் போனதும் மேலாளரிடம் ஓடினேன். "அவங்ககிட்ட பேசுவீங்கன்னுதான் சார் எழுதினேன்."

"பேசினா பதினாறு பேரும் அவங்க பின்னாடி நிப்பாங்க. நீதானம்மா எழுதிக் குடுத்த?" குரலில் கோபம்கூட இல்லை. நான் திரும்பி வந்து உட்கார்ந்தேன். வேலையை விடவில்லை. விட வேண்டும் என்று அன்று நினைத்ததாகச் சொன்னால் அது பொய்.

அக்கா ராஜினாமா எழுதிக் கொடுத்தார். அடுத்த மாதம் சலவைப் பிரிவை மூடியபோது மீதிப் பதினைந்து பேரும் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டார்கள். ஒருவர்கூட எதுவும் கேட்கவில்லை. கேட்பதற்கு முன் யார் முகத்தைப் பார்ப்பது என்று அவர்களுக்குத் தெரியவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை நெம்மேலிக்குப் போனேன். அக்கா கேளம்பாக்கத்தில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் படிக்கட்டு பெருக்கும் வேலைக்குச் சேர்ந்திருந்தார். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். துவைத்த துணிகளை உதறிக் கொடியில் போட்டுக்கொண்டே கேட்டார்.

"என் பேரை எங்க எழுதன?"

"மேலக்கா. சூப்பர்வைசருக்கும் மேல."

ஒரு கணம் சிரிப்பு மாதிரி ஏதோ வந்தது. பிறகு முகம் இறுகிவிட்டது.

"ரெண்டு வாரம் எங்க கூடவே குந்திகினு இருந்தியே. மூடப் போறாங்கன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்ல?"

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். உள்ளேயிருந்து கணவர் கூப்பிட்டார். "அவரைத் திருப்பிப் படுக்க வைக்கணும். நீ கெளம்பு" என்று அக்கா உள்ளே போய்விட்டார்.

பஸ் நிறுத்தத்தில் வெகுநேரம் நின்றேன். உப்புக்காற்றில் கண் எரிந்தது. மறுநாள் காலை வழக்கம்போல அதே பஸ்ஸில் வேலைக்குப் போனேன்.