ஒன்பதாவது பிரதி

அந்தத் தாளில் இன்றைக்குத் தெளிவாகத் தெரிவது இரண்டுதான். நீல மையில் ஒரு கையெழுத்து, அதன் குறுக்கே சிவப்பு மையில் ஒரு கோடு. மேலே எழுதியிருந்த பத்து விதிகளும் மங்கிவிட்டன. அவை அன்றைக்கே மங்கல்தான். எங்கள் இங்கிலீஷ் வாத்தியார் கார்பன் தாள்களை அடுக்கி, நகம் வெளுக்க அழுத்தி எழுதி, ஒன்பது பேருக்கு ஒன்பது பிரதி எடுத்தார். கடைசி அடுக்கின் அடித்தாள் அக்காவுக்கு வந்தது. எனக்குக் கிடைத்தது மேல்தாள். அது எப்போதோ தொலைந்துவிட்டது. என்னிடம் இருப்பது அவளுடையது, நான் அவளிடம் கொடுக்காமல் வைத்துக்கொண்டது.

அக்கா என் பெரியப்பா மகள், என்னைவிட எட்டு மாதம் மூத்தவள். வேப்பனப்பள்ளியில் எங்கள் வீட்டில் பேச்சு தெலுங்கு. மூன்றாம் வகுப்புவரை இருவரும் தெலுங்குப் பள்ளியில் ஒரே பலகையில் உட்கார்ந்து எழுத்துப் படித்தோம். பிறகு தமிழுக்கு மாறினோம். உயர்நிலைப் பள்ளிக்காக மூக்கண்டப்பள்ளியில் அத்தை வீட்டில் தங்கி, ஓசூருக்கு நடந்தே போய் வந்தோம். ஐம்பதுகளின் நடுப்பகுதி அது. தொழிற்பேட்டை எதுவும் கிடையாது. இரண்டு பக்கமும் கேழ்வரகு வயல்தான். அந்த வழி நெடுக அக்கா தனக்குத் தானே பேசிக்கொண்டு வருவாள். எழுத வேண்டிய கட்டுரையைத் தெலுங்கில் வாய்விட்டுச் சொல்லிப் பார்ப்பாள், மாற்றுவாள், மறுபடி சொல்வாள். அத்தை இதைப் பார்த்துவிட்டு, "இவளுக்கு இங்கிலீஷு வந்திருக்குதா, பேய் வந்திருக்குதான்னு தெரியலியே" என்று அக்கம்பக்கத்தில் சொல்லிச் சிரிப்பாள். வீட்டுக்கு வந்ததும் அக்கா ரஃப் நோட்டில் தெலுங்கிலேயே ஓர் அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதி முடிப்பாள். அதன்பின் இங்கிலீஷ்.

பள்ளியின் கடைசி வருஷமான ஆறாம் பாரத்தில் நன்றாகப் படிக்கிற ஒன்பது பேரைப் பொறுக்கி, பள்ளி விட்டபின் ஒரு மணி நேரம் இலக்கிய வகுப்பு எடுத்தார் வாத்தியார். பெண்கள் நாங்கள் இருவர்தான். முதல் நாளே விதித்தாளைக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார். கடையில் விற்கும் நோட்ஸைத் தொடக் கூடாது. ஆசிரியர் சொன்னதையே திருப்பி எழுதக் கூடாது. நீ நினைத்ததை எழுது, அதற்குப் பாடத்திலிருந்து ஆதாரம் காட்டு. அடுத்தவர் வாக்கியம் ஒன்று இருந்தாலும் வகுப்பைவிட்டு நீக்கம். காலம் தாழ்த்தித் தருவது எக்காரணம் கொண்டும் ஏற்கப்படாது, அது பத்தாவது. நீ நினைத்ததை எழுது என்று அதுவரை எங்களிடம் யாரும் சொன்னதில்லை. நான் எதையும் நினைத்ததில்லை, மனப்பாடம் செய்துதான் முதல் வரிசைக்கு வந்தவள். அக்காவோ பசித்தவள் இலை முன்னால் உட்கார்ந்ததுபோல அந்தத் தாளைப் பார்த்தாள்.

சென்னையில் ஒரு பெண்கள் கல்லூரியில் இலவச விடுதி இடம் ஒன்றுக்கு, அந்த வகுப்பிலிருந்து ஒரு பெண்ணின் பெயரை எழுதி அனுப்புவதாகத் தலைமையாசிரியர் சொல்லியிருந்தார். ஒரே ஒரு பெயர். பெரியப்பா அக்காவிடம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகப் பேசிவிட்டார்: கடுதாசி வந்தால் தடுக்க மாட்டேன், வராவிட்டால் ஆந்திராவில் குப்பம் ஊர்ப் பக்கத்து மாப்பிள்ளைக்குச் சரி என்று சொல்லிவிடுவேன். என் அப்பா அந்த அளவுக்குக்கூடப் பேசவில்லை. ஆனால் எனக்கும் அதுதான் கதி என்பது எனக்குத் தெரியும்.

பாடத்தில் ஓர் ஏழைத் தாயின் கதை வந்தது. பிள்ளைக்கு உணவைக் கொடுத்துவிட்டு, தான் சாப்பிட்டாயிற்று என்று பொய் சொல்கிறவள். அவள் குணத்தைப் பற்றி எழுதச் சொன்னார் வாத்தியார். நாங்கள் எட்டுப் பேரும் தியாகம், அன்பு, தெய்வம் என்று எழுதினோம். அக்கா மட்டும் அந்தத் தாய்க்குக் கோபம் என்று எழுதினாள். அவள் கதவைச் சாத்தும் விதத்தையும், பிள்ளையின் முகத்தைப் பார்க்காமல் பேசுவதையும் கதையிலிருந்தே எடுத்துக் காட்டி, பசித்தவள் கோபப்படுகிறாள், அன்பாக இருப்பதால் அந்தக் கோபத்தை வைக்க இடமில்லாமல் தவிக்கிறாள் என்று முடித்திருந்தாள். மழை பொய்த்த வருஷம் அக்காவின் அம்மா, என் பெரியம்மா, அப்படித்தான் இருந்தாள். எங்களுக்குக் களியைப் போட்டுவிட்டு அவள் மூடி வைத்த காலிச் சட்டியை நானும்தான் பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

வாத்தியார் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர், தெலுங்கு தெரியாது. கெட்டவர் அல்ல, நேர்மை தலைக்கேறியவர். முந்தைய வருஷம் பெங்களூரிலிருந்து நோட்ஸ் வாங்கி வந்து அப்படியே எழுதிய இரண்டு பையன்களிடம் ஏமாந்திருந்தார். அந்தக் கட்டுரையைப் படித்ததும் பதினாறு வயதுப் பெண்ணுக்கு இது தோன்றாது என்று முடிவு கட்டிவிட்டார். ரஃப் நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தால், ஐந்து பக்கம் அடித்தல் இல்லாத தெலுங்கு. ஏதோ தெலுங்குப் புத்தகத்தைப் பார்த்து எழுதி இங்கிலீஷில் மாற்றியிருக்கிறாள் என்று நினைத்தார்.

"நானே எழுதுனதுங்க சார். எங்கம்மாவ நெனச்சு எழுதுனேன்" என்றாள் அக்கா. தானே படித்துச் சொல்வதாகவும் சொன்னாள். அவள் சொல்வதை எப்படி நம்புவது என்று கேட்டுவிட்டு வாத்தியார் என் பக்கம் திரும்பினார். மற்ற பையன்களில் சிலர் தெலுங்கு பேசுவார்கள், யாருக்கும் எழுத்துத் தெரியாது. நோட்டை என் முன்னால் வைத்தார்.

"நீ ஒரே வீடுதானே. இதுல என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லும்மா."

அவர் கேட்டு முடிப்பதற்குள் நான் முதல் வரியைப் படித்துவிட்டேன். அது எந்தப் புத்தகத்திலும் இருக்க முடியாத வரி.

"பேசத்தான் வரும் சார். எழுத்து தெரியாது" என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். இவளுக்குத் தெரியும் சார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நானும் அந்த வகுப்பைவிட்டு வெளியே போயிருப்பேன். அவள் சொல்லவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வாத்தியார் அவளுடைய விதித்தாளை எடுத்து, கையெழுத்தின் மேல் கோடு போட்டு, அவளிடம் கொடுத்துவிடு என்று என்னிடம் நீட்டினார். நான் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டேன். அன்றைக்கு மூக்கண்டப்பள்ளிவரை அக்கா வாய்விட்டு எதையும் சொல்லிப் பார்க்கவில்லை.

சின்ன வயது, பயந்துவிட்டேன் என்றெல்லாம் சொல்லிக்கொள்ள எனக்கு வாய் வராது. பயம் ஒன்றுமில்லை. ஒரே ஒரு பெயர் என்பது அந்த நொடியில் மிகத் தெளிவாக நினைவிருந்தது. கடுதாசி என் பெயருக்கு வந்தது. வைகாசியில் அக்காவுக்குக் கல்யாணம், ஆனியில் எனக்கு விடுதி. கல்யாணத்தில் அவளுக்குப் பூ வைத்துவிட்டது நான்தான். என் தைரியம் அப்படி.

மூன்று வருஷம் கழித்து விடுமுறைக்கு வந்தபோது அவளைப் பிறந்த வீட்டுக்கே கொண்டுவந்து போட்டிருந்தார்கள். இரண்டு பிள்ளை பெற்றாள், இரண்டும் தங்கவில்லை. பிறகு நெஞ்சு நோய். வைக்கோலில் மாங்காய் பழுக்க வைக்கிற உள்ளறையில் கட்டில் போட்டிருந்தது. பெரியம்மா கஞ்சி எடுக்கப் போன நேரம் அக்கா மெல்லக் கேட்டாள்.

"அந்த சார் என் கட்டுரைய முழுசாப் படிச்சாரா? மார்க்கு போட்டாரா?"

"போட்டாரு" என்றேன். "இருபதுக்குப் பதினேழு."

அவள் கூரையைப் பார்த்தாள். பிறகு, "மூணு எதுக்குக் கொறச்சாரு?" என்றாள்.

அந்தப் பதினேழே நான் அந்த நொடியில் இட்டுக்கட்டியதுதான். அதற்குள் பெரியம்மா கஞ்சியோடு வந்துவிட்டாள். ஆடி பிறப்பதற்குள் போய்விட்டாள்.

முப்பத்தைந்து வருஷம் நான் இங்கிலீஷ் இலக்கியம்தான் நடத்தினேன். வருஷா வருஷம் என் வகுப்புக்கும் விதித்தாள் கொடுத்தேன், எல்லோருக்கும் ஒரே மாதிரி தெளிவாக அச்சடித்தது. வாத்தியாருடைய பத்தில் கடைசியை மட்டும் விட்டுவிடுவேன். தாமதமாக வரும் கட்டுரைகளையும் வாங்கிக்கொள்கிற இளகிய மனசுக்காரி என்று எனக்குப் பெயர்.

இன்று காலை அந்தத் தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பத்தாவது விதி மட்டும் இன்னும் படிக்க வருகிறது. ஏற்கப்படாது என்பது தெரிந்தேதான் இதை எழுதுகிறேன். சார், எனக்குத் தெலுங்கு எழுத்து தெரியும். அந்த நோட்டின் முதல் வரியைப் படித்துச் சொல்கிறேன்: 'சாப்பிட்டுவிட்டேன் என்று என் அம்மா சொல்லும்போதெல்லாம் கரண்டி சட்டியில் இடிக்கும்.'