ஆகஸ்டில் சாத்திய ஜன்னல்

எங்கள் தெருவிலேயே பழைய வீடு ஆன்செல்ம் பிக்கோவுடையது. என் ரொட்டிக் கடைக்கு நேர் எதிரே இருக்கிறது. வாசல் உத்தரத்தில் குழல் ஊதும் பன்றி ஒன்றை எந்தக் காலத்துத் தச்சனோ குறும்பாகச் செதுக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறான். ஊர் சுற்றிப் பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் அதைப் படம் எடுப்பார்கள். உள்ளே ஒரு மனிதர் குடியிருக்கிறார் என்ற நினைப்பே எவருக்கும் வராது.

ஆன்செல்ம் ஓட்டுச் சூளையில் உழைத்து ஓய்ந்தவர். மனைவி உகெத் போய்ச் சேர்ந்த பிறகு பேச்சுத் துணைக்கு ஆளில்லை. கடலோர மர்சேயில் ஒரு மகன் இருக்கிறான். வருகிறேன் வருகிறேன் என்பான், வரமாட்டான். அவன் பேரைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கோடை மாலைகளில் வழிகாட்டிப் பெண் மயேல், லுவார் ஆற்றுப் பாலத்தடியில் ஆட்களைச் சேர்ப்பாள். இவரும் இஸ்திரி போட்ட சட்டையோடு கூட்டத்தின் கடைசியில் போய் நின்றுகொள்வார். உப்புக் கிடங்கு, தோல்காரர் சந்து, மணி இல்லாத கோபுரம் என்று, பிறந்து வளர்ந்த ஊரை அசலூர்க்காரர்போல அவளுக்குப் பின்னால் சுற்றுவார்.

"இது என்ன வேண்டாத வேலை? இந்த ஊர்ல உங்களுக்குத் தெரியாத கல்லு ஒண்ணு இருக்கா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"கூட்டத்தோட போனா பக்கத்துல யாராச்சும் நடந்து வர்றாங்கல்ல, யோலாந்த்" என்றார்.

அவர் வீட்டு வாசலுக்கு வந்ததும் கூட்டம் நிற்கும். ஒருமுறை ஒரு தம்பதியிடம், "இது என் வீடுங்க. உள்ளே சுழல் படிக்கட்டு இருக்கு, வந்து பார்க்கிறீங்களா?" என்றார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "கொஞ்சம் தள்ளி நில்லுங்க, பன்றி மறையுது" என்றாள். அவர் தள்ளி நின்றார். கடைக்குள்ளிருந்து நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் ஊரில் விடிந்ததும் ஜன்னலின் மரக்கதவைத் திறக்க வேண்டும், இருட்டினால் சாத்த வேண்டும். தனியாக இருப்பவர் ஜன்னல் பகலிலும் சாத்தியே கிடந்தால் அக்கம்பக்கத்தார் போய்த் தட்டுவார்கள். தனக்கும் ஒருவர் வந்து தட்டுவாரா என்று தெரிந்துகொள்ள அவருக்கு ஆசை வந்துவிட்டது. ஒரு காலை ஜன்னலைத் திறக்கவே இல்லை.

பாவி மனுஷன், ஆகஸ்டில் போய் அதைச் செய்தார். பாதித் தெரு வீட்டைச் சாத்திக்கொண்டு விடுமுறைக்குக் கடலோரம் போயிருக்கும் மாதம் அது.

"என்ன யோலாந்த், பெரியவரைக் காணோமே?" என்று மயேல் கேட்டாள்.

"மகன் ஒருவழியா கூப்பிட்டுட்டான் போல. கடல்ல காலை நனைச்சுக்கிட்டு இருப்பார். இருக்கட்டும், விடு" என்றேன். எனக்கு மெய்யாகவே சந்தோஷம்.

அன்று மாலை அவள் அந்த வாசலில் நின்று, "இந்த வீட்டுக்காரர் கடலுக்குப் போயிருக்கார்" என்று கூட்டத்துக்குச் சொன்னாள். எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். சாத்திய கதவுக்குப் பின்னால் நின்று அவர் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் இருந்த டப்பா மத்தி மீன் தீரும் வரை காத்திருந்தார். ஒருவரும் தட்டவில்லை.

பிறகு ஒரு காலை ரொட்டி வாங்க வந்தார்.

"வாங்க கடல்காரரே! வெயில்ல கறுக்கவே இல்லையே? மகன் உள்ளயே பூட்டி வச்சிட்டானா?"

"நான் எங்கயும் போகலை. வீட்லதான் இருந்தேன். யாராச்சும் வந்து தட்டுறாங்களான்னு பார்த்தேன்."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "உங்களுக்குப் புத்தி இருக்கா? ஊரே சாத்திக் கிடக்கிற மாசத்துல உங்க ஜன்னலை எவன் கவனிப்பான்? மார்ச்சுல சாத்தியிருந்தா மறுநாளே ஓடி வந்திருப்பேனே."

அவர் ரொட்டியை அக்குளில் இடுக்கிக்கொண்டார். கோபமாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்.

"மார்ச்சுல திறந்துதான் இருந்துச்சு, யோலாந்த். அப்பவும் நீங்க வரலையே."