தம்பிதுரை உட்கார்ந்தார்

என் மாமா பொங்கியண்ணனுக்கு அந்தியூர்ப் பக்கம் தென்னந்தோப்பு, கோவையில் பம்புசெட் கம்பெனி. மகள் லோகப்பிரியா டெல்லியில் பெயர்பெற்ற பல்கலைக்கழகம் ஒன்றில் எம்.ஏ. படிக்கிறாள். போன வேகத்திலேயே இடதுசாரி மாணவர் அமைப்பில் சேர்ந்துவிட்டாள். பணக்கார வீட்டுப் பிள்ளைக்குப் பொழுது போகவில்லை என்று சொந்தபந்தமெல்லாம் சிரித்தது.

அவளுக்கு அது பொழுதுபோக்கு இல்லை. விடுதியில் ஒரு தோழி, "உங்கள் தோப்பில் வேலை செய்கிறவர்கள் எங்கே உட்கார்ந்து சாப்பிடுவார்கள்?" என்று கேட்டாளாம். பதில் தெரிந்திருந்தும் அதைச் சொல்ல இவளுக்கு வெட்கமாகிவிட்டது. அந்த வெட்கம்தான் அவளைக் கூட்டங்களுக்கு இழுத்துப்போனது. அங்கே இதற்கெல்லாம் வாய்விட்டுக் கோபப்பட்டார்கள். எங்கள் வீட்டில் கோபப்பட யார் விடுவார்கள்?

தை மாதம், அவள் அண்ணன் சபரீஷுக்குப் பேசியிருந்த பெண்ணின் வீட்டார் மாமா வீடு பார்க்க வந்தார்கள். லோகப்பிரியாவும் டெல்லியிலிருந்து வந்திருந்தாள். தோப்பிலேயே குடியிருந்து வேலை பார்க்கும் தம்பிதுரை இளநீர்க் குலைகளை இறக்கிவிட்டு, வழக்கம்போலக் கார் ஷெட் ஓரம் நின்றார். நாங்கள் சாதி பார்க்காதவர்களாம். தனி டம்ளரை எப்போதோ எடுத்தாகிவிட்டது. இப்போது அவருக்குப் பேப்பர் கப்.

லோகப்பிரியா விறுவிறுவென்று போய் அவரை அழைத்துவந்தாள். பெண்ணின் அப்பாவுக்குப் பக்கத்து நாற்காலியைக் காட்டினாள்.

"உக்காருங்க. காப்பி கொண்டுவாரேன்."

தம்பிதுரை மாமாவைப் பார்த்தார், நாற்காலியைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்தார். விருந்தாளிகளுக்கு வைத்த வெள்ளி டம்ளரில் வந்த காப்பியை அவசரப்படாமல் குடித்தார். மாமா சிரித்தபடியே இருந்தார். அந்தச் சிரிப்பு எனக்குத் தெரியும்.

மறுநாள் தம்பிதுரைக்கு வேலை போயிற்று. தோப்பு வீட்டையும் காலிசெய்யச் சொல்லிவிட்டார் மாமா. லோகப்பிரியா சண்டைக்குப் போனாள். மாமா குரலை உயர்த்தவே இல்லை.

"செரி கண்ணு. அவன் நாளைக்கே வேலைக்கு வரட்டும். நீ டெல்லிக்குப் போகாத. ரெண்டுல எதுன்னு நீயே சொல்லிப்போடு."

டெல்லியில் எத்தனை கோஷம் போட்டிருப்பாள், இதற்கு ஒன்றும் கைகொடுக்கவில்லை. மத்தியானம்வரை கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாள். பிறகு வெளியே வந்தாள்.

"நான் போகலீங்கப்பா. அவருக்கு வேலையக் குடுத்துருங்க."

பாவி மனுஷன், மகளென்றுகூடப் பார்க்கவில்லை. "நீயே போய்ச் சொல்லிட்டு வா" என்றார்.

துணைக்கு நானும் தோப்புக்குப் போனேன். தம்பிதுரை குட்டியானை வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தார். பவானியில் தம்பி வீட்டுக்குப் போகிறாராம். லோகப்பிரியா விஷயத்தைச் சொல்லிவிட்டு, "என்னாலதானுங்க உங்களுக்கு இந்தக் கதி" என்று தேம்பினாள்.

அவர் கயிற்றை இழுத்துக் கட்டினார்.

"நீங்க சொன்னதுக்காக நான் உக்காரலீங்க அம்மணி. எனக்கே ரொம்ப நாளா உக்காரோணும்னு இருந்துச்சு, உக்காந்தேன். நீங்க படிப்ப உட்டுப்போட்டு, நான் உக்காந்தத உங்க கணக்குல எழுதிக்காதீங்க."