இருபத்து மூன்றாவது தேவை

அந்த அலுவலகத்தில் அவளைப் பச்சைக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பச்சை நிறத்தில் உடுத்துகிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். அவளுடைய பட்டியல் எப்போதும் பச்சையாகவே இருக்கும், அதனால் வந்த பெயர்.

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில், பதினொரு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்து மென்பொருள் எழுதுகிற சின்ன நிறுவனம் அது. நோயில் படுத்திருப்பவர்கள் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் அழைப்பு மணிக்கான மென்பொருள். பொத்தானை அழுத்தினால் எங்கோ வேலையில் இருக்கிற மகனுக்கோ மனைவிக்கோ கைபேசி அடிக்கும். மணியிலேயே நாலு வார்த்தை பேசவும் செய்யலாம். சங்கதி அவ்வளவுதான். ஆனால் அதற்கு அறுபத்து நான்கு தேவைகள் உண்டு. அழுத்திய மூன்று நொடிக்குள் கைபேசி ஒலிக்க வேண்டும் என்பது ஒன்று. ஒரே நேரத்தில் இரண்டு பேர் அழைத்தாலும் இரண்டும் போய்ச் சேர வேண்டும் என்பது இன்னொன்று. இப்படி மென்பொருள் என்னென்ன செய்தாக வேண்டும் என்று வரிவரியாக எழுதி, ஒவ்வொரு வரிக்கும் கீழே, அது நடக்கிறதா என்று கணினியே பார்த்துச் சொல்லும்படி ஒரு சரிபார்ப்பையும் எழுதிவைப்பது பச்சைக்காவின் வேலை. நடந்தால் அந்த வரி பச்சை, நடக்காவிட்டால் சிவப்பு. ஆறு வருஷமாக அங்கே சிவப்பை யாரும் கண்ணால் பார்த்ததில்லை.

அவள் இதற்கென்று படித்தவள் இல்லை. முன்பு ஒரு மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் தொலைபேசி எடுத்துக்கொண்டிருந்தாள். பிறகு இங்கே, மற்றவர்கள் கிறுக்கித் தருவதைத் திருத்தமாகத் தட்டச்சு செய்ய வந்தாள். சரிபார்ப்பு எழுதும் வித்தையை மதியச் சாப்பாட்டு நேரத்தில், ஒரு கையில் கரண்டியும் ஒரு கையில் விசைப்பலகையுமாகத் தானே கற்றுக்கொண்டாள். அதில் அவளுக்குப் பெருமை உண்டு, இருக்கத்தானே செய்யும்? ஐம்பத்தொரு வயதில், பட்டம் வாங்கிய பத்துப் பேருக்கு நடுவே, ஒரு குறையும் சொல்ல முடியாத பட்டியலை வைத்திருந்தாள்.

வீட்டில் அவளுக்கு இருந்தது கணவர் ஒருவர்தான். முப்பத்தோரு வருஷம் லாரி ஓட்டியவர்; தெருவில் எல்லோருக்கும் லாரிக்காரர். ஐந்து மாதத்துக்கு முன்னால் வண்டிப் படியிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. கம்பி வைத்துத் தைத்து அனுப்பினார்கள். ஒரு மாதம் விடுப்பு எடுத்துக் கூடவே இருந்தாள், அதற்குமேல் முடியவில்லை. காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை அவர் வீட்டில் ஊன்றுகோலோடு தனி. தன் நிறுவனத்து மணி ஒன்றைக் கொண்டுபோய்க் கட்டிலோரம் மாட்டி, தன் கைபேசியோடு இணைத்துவைத்தாள். கைபேசியில் அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. நாளைக்கு முப்பது தடவை அதைப் பார்ப்பாள். கூப்பிடவில்லை, அப்படியென்றால் நன்றாக இருக்கிறார் என்று மனதைத் தேற்றிக்கொண்டு அடுத்த வரிக்குப் போவாள்.

அந்த மாதம் அலுவலகத்தில் புதிதாக ஒருத்தி சேர்ந்தாள். மற்றவர்கள் எழுதிய நிரலை வாசித்துக் குறை சொல்வதுதான் அவளுக்குச் சம்பளம் கொடுக்கும் வேலை. மூன்றே நாளில் பூதக்கண்ணாடி என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாயாடி இல்லை. சொல்ல வேண்டியதை எழுதிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவாள். அது திட்டு வாங்குவதைவிட மோசம் என்று அங்கே ஒரு கருத்து இருந்தது.

செவ்வாய்க்கிழமை காலை அவள் பச்சைக்காவின் மேசைக்கு நேரில் வந்து, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதுவே நல்ல சகுனமாகப் படவில்லை. மென்பொருளின் ஒரு பிரதியை எடுத்து, அதிலிருந்து கைபேசியை ஒலிக்கவைக்கும் பகுதியையே முழுசாக அழித்துவிட்டு, பட்டியலை ஓட்டிப் பார்த்தாளாம். அறுபத்து நான்கும் பச்சை.

பச்சைக்காவுக்கு முதலில் புரியவில்லை. கைபேசியையே ஒலிக்கவைக்காத மணிக்கு எப்படி எல்லாம் சரி என்று வரும்? பூதக்கண்ணாடி பொறுமையாக ஒவ்வொன்றாகக் காட்டினாள். ஒரு சரிபார்ப்பு, பிழைகள் பதிவாகும் கோப்பு காலியாக இருக்கிறதா என்று பார்த்தது; அந்தக் கோப்போ உண்டாவதே இல்லை, அதனால் பிழையும் இல்லை. இன்னொன்று, எது நடந்தாலும் கடைசியில் 'சரி' என்று சொல்லும்படி முடிந்திருந்தது. பாதிக்கு மேல், நிரலில் குறிப்பிட்ட ஒரு சொல் எங்காவது இருக்கிறதா என்று மட்டும் தேடின. சொல் இருந்தால் பச்சை. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று சின்ன வகுப்பிலேயே படித்தவள்தான் பச்சைக்கா, ஆனாலும் ஆறு வருஷமாக ஏட்டுச் சுரைக்காயைத்தான் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள்.

இருபத்து மூன்றாவது தேவைக்கு வந்தபோது பூதக்கண்ணாடி கொஞ்சம் தயங்கினாள். மணியின் பேட்டரி தீர்ந்தாலோ இணைப்பு அறுந்தாலோ ஐந்து நிமிடத்துக்குள் வீட்டாரின் கைபேசிக்கு எச்சரிக்கை போக வேண்டும். இதுதான் அந்தத் தேவை. சரிபார்ப்பு, நிரலில் 'எச்சரிக்கை' என்ற சொல்லைத் தேடியது, கிடைத்தது, பச்சை காட்டியது. சொல் கிடைத்த இடத்தை அவள் திரையில் திறந்தாள். நிரல் எழுதியவர் தனக்குத்தானே வைத்துக்கொண்ட ஒரு குறிப்பு அது: இணைப்பு அறுந்தால் அனுப்ப வேண்டிய எச்சரிக்கையை இங்கே பிறகு எழுத வேண்டும்.

அந்தப் பிறகு வரவே இல்லை. எழுதியவர் வேலையை விட்டுப் போய் மூன்று வருஷம் ஆகிறது.

முகம் சிவக்க உட்கார்ந்திருந்தாள் பச்சைக்கா. வெட்கம்தான் முதலில் வந்தது. இனி யார் முகத்தில் எப்படி விழிப்பது என்று யோசித்தாள். மாதிரிக்கு வைத்திருந்த மணியிலிருந்து பூதக்கண்ணாடி பேட்டரியை உருவி மேசைமேல் வைத்துவிட்டு, சோதனைக் கைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து நிமிடம் ஆனது. பத்து நிமிடம் ஆனது. கைபேசியில், செத்த மணியின் பெயருக்குப் பக்கத்தில், பச்சைப் புள்ளி அப்பாவியாக எரிந்துகொண்டே இருந்தது.

அந்தப் புள்ளியைப் பார்த்ததும்தான் அவளுக்கு வீட்டில் மாட்டிய மணி நினைவுக்கு வந்தது. தன் கைபேசியை எடுத்தாள். அங்கேயும் அதே பச்சை. வீட்டு மணி கடைசியாக எப்போது தொடர்புகொண்டது என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். பூதக்கண்ணாடி பதிவுகளைத் தோண்டினாள். திரையைத் திருப்பிக் காட்டாமல், மெதுவாகச் சொன்னாள்.

"அக்கா, நூத்திப் பன்னண்டு நாளாச்சு."

டாக்சியில் போகிற இருபது நிமிடமும் வீட்டுத் தொலைபேசிக்கு அடித்துக்கொண்டே போனாள். எடுக்கவில்லை. பகலில் அவர் எடுக்கவே மாட்டார், காலை ஊன்றி எழுந்து போவதற்குள் நின்றுவிடும் என்று சலித்துக்கொள்வார். அது தெரிந்தும் அடித்தாள். நூற்றுப் பன்னிரண்டு நாளும் மாலையில் அவரைப் பார்த்துப் பேசிச் சாப்பிட்டுத் தூங்கியவள்தான், ஆனாலும் அந்த இருபது நிமிடம் அவரை இழந்துவிட்டவளாகவே இருந்தாள்.

கதவைத் திறந்தால், மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்து ரேடியோ கேட்டுக்கொண்டிருந்தார். நேரத்தோடு வந்துவிட்டாயே, உடம்புக்கு என்ன என்று அவளைக் கேட்டார். அவள் நேராகப் போய்க் கட்டிலோரம் தொங்கிய மணியை எடுத்து அழுத்தினாள். பைக்குள் கைபேசி சத்தமே போடவில்லை. பின்மூடியைத் திறந்தாள். உள்ளே ஒன்றும் இல்லை.

"பேட்டரி எங்க?"

லாரிக்காரர் மெல்ல ரேடியோவைப் பார்த்தார். சும்மா கிடக்கிறதே என்று அதில் போட்டுவிட்டாராம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற சாமர்த்தியம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. அவள் நின்ற நிலையைப் பார்த்ததும் உண்மையைச் சொல்லிவிட்டார்.

"மணி மாட்டின முதல் வாரம் தூக்கத்துல புரண்டு அமுக்கிட்டேன், ஞாபகமிருக்கா? வேலையப் போட்டுட்டு ஓடி வந்தே. ஒரு கால்ல செருப்பு இல்ல. மூச்சு வாங்கிட்டு அந்தக் கதவுல சாஞ்சு நின்னியே, அந்த முகத்த இன்னொரு தடவை பாக்க எனக்குத் தெம்பில்ல. அதான் கழட்டிட்டேன்."

அவளுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்து, எது முதலில் என்று தெரியாமல் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். இந்த மனிதரை அடிப்பதா, கட்டிக்கொள்வதா? பிறகு, முன்பு ஒருநாள் அவர் முழங்கையில் பார்த்த காயம், அவர் சொன்னபடி நிஜமாகவே சுவரில் இடித்ததுதானா என்று கேட்டாள். அவர் ஊன்றுகோலின் பிடியைத் துடைக்கத் தொடங்கினார். இரண்டு மாதம் முன்பு குளியலறையில் வழுக்கி, ஒன்றரை மணி நேரம் தரையிலேயே கிடந்தாராம். அப்புறம் வாளியைப் பிடித்துத் தானே எழுந்துவிட்டாராம். பொழுது போகத் தரையில் பதித்திருந்த கற்களை எண்ணியதாகச் சொல்லிச் சிரிக்க வேறு செய்தார்.

"மலைப்பாதையில லாரி ஓட்டினவன் நான். குளியலறையில எனக்கென்ன பயம்?"

அவள் சிரிக்கவில்லை. கடைக்குப் போய்ப் புது பேட்டரி வாங்கி வந்து போட்டாள். அழுத்திப் பார்த்தாள், கைபேசி அடித்தது. பிறகு அவர் எதிரே உட்கார்ந்து, அவர் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு சொன்னாள்.

"இனிமே நீங்க கூப்பிடலைன்னா நல்லா இருக்கீங்கன்னு நான் எடுத்துக்க மாட்டேன். தினமும் பதினோரு மணிக்கு ஒரு தடவை அமுக்குங்க. ஒண்ணும் இல்லைன்னாலும் அமுக்குங்க."

ஒன்றும் இல்லாமல் கூப்பிட்டு என்ன பேசுவது என்று கேட்டார். பேச வேண்டாம், கூப்பிட்டால் போதும் என்றாள். அவர் சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. கிணற்றில் போட்ட கல் மாதிரி இருந்துவிட்டார்.

மறுநாள் காலை அவள் நேராக முதலாளியிடம் போனாள். வெள்ளிக்கிழமை அனுப்ப வேண்டிய பதிப்பை இப்போது அனுப்பக் கூடாது, சரிபார்ப்புகள் பொய், எழுதியது நான்தான் என்றாள். வாடிக்கையாளரிடம் என்ன சொல்வது என்று அவர் நெற்றியைத் தேய்த்தார். உண்மையைச் சொல்லலாம் என்றாள். அவர் எத்தனை நாள் வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

இருபத்து மூன்றிலிருந்தே தொடங்கினாள். சொல்லைத் தேடும் வரியை அழித்தாள். சோதனை மணியின் இணைப்பை நிஜமாகவே துண்டித்து, ஐந்து நிமிடம் காத்திருந்து, எச்சரிக்கை வந்து சேர்ந்ததா என்று கைபேசியில் பார்க்கும்படி எழுதினாள். எதையும் முதலில் உடைத்துப் பார்க்க வேண்டும், உடைந்ததை உடைந்தது என்று சொல்கிறதா என்று பார்த்த பிறகுதான் நம்ப வேண்டும் என்று பூதக்கண்ணாடி பக்கத்தில் நின்று சொல்லிக்கொண்டிருந்தாள். எச்சரிக்கையே எழுதப்படாத பழைய நிரலின் மேல் அதை ஓட்டினாள். ஐந்து நிமிடம் கழித்து வரி சிவப்பானது. ஆறு வருஷத்தில் முதல் சிவப்பு. பின்வரிசையில் யாரோ கை தட்டினார்கள், இனி பெயரை மாற்ற வேண்டும் என்று இன்னொருவர் சொன்னார். அவளும் சிரித்தாள்.

அப்போது மணி பதினொன்று.

கைபேசி மேசைமேல் இருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. பதினொன்று இரண்டு. பதினொன்று ஐந்து. நேற்று நடந்தது எல்லோருக்கும் தெரியும், அதனால் தட்டச்சுச் சத்தம் ஒவ்வொரு மேசையாக அடங்கியது. பச்சைப் புள்ளியை அவள் பார்க்கவே இல்லை. பதினொன்றேகால் வரை பொறுப்பது, பிறகு கிளம்பிவிடுவது என்று பையை மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள்.

பதினொன்று ஒன்பதுக்குக் கைபேசி அடித்தது.

"சொல்லுங்க."

"சும்மாதான்."

"சரி."

இருவருமே வைக்கவில்லை. அந்தப் பக்கம் ரேடியோவை யாரோ அணைக்கிற சத்தம் கேட்டது. யாரோ என்ன, அவர்தான். தொண்டையைச் செருமினார்.

"நேத்து ஒரு பொய் சொன்னேன். விழுந்ததிலேர்ந்து குளிக்கப் போகவே பயமாயிருக்கு. நீ சாயங்காலம் வந்து அடுப்படியில நிக்கிற சத்தம் கேட்டப்புறம்தான் உள்ள போறேன். இன்னிக்கு கொஞ்சம் சீக்கிரம் வர்றியா?"

இந்த ஐந்து மாதத்தில் அவர் தனக்காக அவளிடம் கேட்ட முதல் விஷயம் அது.

"இதோ வர்றேன்," என்றாள்.

திரையில் இருபத்து மூன்று சிவப்பாகவே இருந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு எழுந்தாள்.